கர்ப்பப்பை என்று அச்சடிக்க உங்களுக்கு என்ன கூச்சம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலையில் பேப்பர் வந்தால் நான் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கம்தான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இந்த வயதில் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போனது யார், எந்த ஊர், கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம், பிள்ளைகளில் கனடாவில் எத்தனை பேர், லண்டனில் எத்தனை பேர் என்று எல்லாம் அதில் இருக்கும். என்ன வருத்தத்தால் போனார் என்பது மட்டும் இருக்காது. ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் படம் இருந்தால் என் கண் அங்கேயே நின்றுவிடும். செத்தவீட்டுக்குப் போனால் பந்தலுக்குள் யாராவது காதுக்குள் சொல்வார்கள், "வயித்துக்குள்ள கட்டியாம்" என்று. சில வேளை அதுவும் இல்லை, "அந்த வருத்தம்தான்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

மரண அறிவித்தலில் நோயின் பேரைப் போடுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை, அது வீட்டாரின் விருப்பம். உங்கள் பத்திரிகையின் மிச்சப் பக்கங்களிலும் அந்தப் பேர் இல்லையே என்பதுதான் என் முறைப்பாடு. ஒக்டோபர் மாதம் வந்தால் மார்பகப் புற்றுநோய்க்கு ரோஸ் நிறத்தில் ஒரு முழுப் பக்கம் போடுகிறீர்கள். நல்லது, போடத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் கீழேயும் பெண்ணுக்கு உடம்பு இருக்கிறதல்லவா? கர்ப்பப்பையின் கழுத்து, கர்ப்பப்பை, சூலகம், யோனி, அதன் வெளிப்புறம் என்று ஐந்து இடத்தில் புற்றுநோய் வரலாம். உங்கள் மகளிர் பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பும் முகப்பருவுக்கு வைத்தியமும் எத்தனை தரம் வந்திருக்கும், இந்த ஐந்தும் ஒரு தரமாவது வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அக்காவால்தான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு மாதவிடாய் நின்று ஆறு வருஷம் கழித்து ஒருநாள் உள்ளுடுப்பில் கறை பட்டிருக்கிறது. சிவப்புக்கூட இல்லை, பிளேன்ரீ சிந்தின மாதிரி. அது கோயில் திருவிழா நேரம். வெளியே சொன்னால் துடக்கு என்று ஒதுங்கி நிற்க வேண்டி வரும் என்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல் கழுவிக் காயப்போட்டுவிட்டார். அடுத்த மாதம் திரும்பவும். பக்கத்து வீட்டு மாமி ஒருவரிடம் மட்டும் வாய் விட்டிருக்கிறார், அவர் "உடம்பு சூடு, இல்லாட்டி உனக்கு இளமை திரும்புதடி" என்று சிரித்துவிட்டு நன்னாரி வேர் அவித்துக் குடிக்கச் சொன்னாராம். இப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது, பின் வளவுக் கொடியில் மற்ற உடுப்புகளுக்குப் பின்னால் மறைத்துக் காயப்போட்டிருந்த பழைய சீலைத் துண்டுகளைக் கண்டேன். அந்த வீட்டில் அக்காவைத் தவிர வேறு பெண் கிடையாது. அப்படித்தான் விஷயம் வெளியில் வந்தது.

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் தாண்டின பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டொக்டரிடம் போக வேண்டும். இந்த ஒரு வசனத்தை அக்கா அறுபது வயதுவரை எங்கேயும் வாசித்ததில்லை. அவர் படிக்காத ஆள் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், உங்கள் பேப்பரை விளம்பரம்கூட விடாமல் வாசிக்கிறவர். அப்படிப் படுகிற இரத்தமெல்லாம் புற்றுநோய் இல்லை, பெரும்பாலானவர்களுக்குச் சின்னக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பையின் உட்சுவரில் வருகிற புற்றுநோய் அநேகமாக முதலில் காட்டுகிற அடையாளமும் இதுதான். அடையாளம் தெரிந்த உடனே போனால் பலருக்கு ஒப்பரேஷனோடு சுகமாகிவிடுகிறது. நன்னாரி வேரில் ஏழு மாதம் போனால் கணக்கு வேறு.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. டொக்டர் ஆங்கிலத்தில் இருந்த ரிப்போர்ட்டை இரண்டு தரம் புரட்டிப் பார்த்து, தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒன்றரை நிமிஷம் சொன்னார். அக்கா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். வெளியே வாங்கு நிறைய ஆட்கள் காத்துக்கொண்டிருக்கும்போது திருப்பிக் கேட்க யாருக்கு மனம் வரும்? திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என்னைக் கேட்டார், "இப்ப அவர் என்னவாம் சொன்னவர்?" எனக்கும் அரைவாசிதான் பிடிபட்டிருந்தது. அன்றிரவு அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கிற மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவன் மொழிபெயர்த்துச் சொல்லித்தான் அக்கா தன் கர்ப்பப்பைக்கு என்ன நடந்தது என்று அறிந்துகொண்டார். தாய் ஸ்தானத்தில் இருக்கிற ஒருவரின் அந்தரங்கத்தை இருபத்தாறு வயதுப் பையன் வாய்க்குள் மென்று விழுங்கிச் சொன்ன விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை, பாவம் அவன்.

அதே கிளினிக் வாங்கில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு, அடிக்கடி தொண்டையைத் தடவியபடி இருந்தார். என்னம்மா செய்யுது என்று கேட்டேன். "கழுத்தில கான்சர் எண்டு சொல்லிப்போட்டினம் பிள்ளை. எனக்கெண்டால் நோகிறது கீழதான். இவையள் ஆளை மாத்திப் பாத்திட்டினமோ தெரியேல்ல." கர்ப்பப்பைக் கழுத்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவசரத்தில் முதல் பாதி அவர் காதில் விழவில்லை, அல்லது சொன்னவருக்கே அந்த முதல் பாதியைச் சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை. என் கையில் தண்ணிப் போத்தல் இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்து, இந்தப் பெரிய பக்கம் கர்ப்பப்பை, இந்த மூடிப் பக்கம்தான் கழுத்து, பிள்ளை வெளியில் வருகிற வாசல் என்று காட்டினேன். அவர் போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துவாயைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு போத்தலும், வெட்கப்படாத ஒரு வாயும்.

சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம். சிட்னியில் இருக்கிற என் மச்சாள் தமிழில் அச்சடித்த ஒரு துண்டுப்பிரசுரத்தை அனுப்பியிருந்தார். நல்ல முயற்சிதான், ஆனால் அதில் 'சினைப்பை' என்று இருந்தது, 'கருப்பை வாய்' என்று இருந்தது. தமிழ்நாட்டில் அப்படிச் சொல்வார்கள். நாங்கள் சூலகம், கர்ப்பப்பைக் கழுத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், பள்ளிக்கூடம் போகாத எங்கள் ஆச்சிமார் முட்டைப்பை என்பார்கள். தமிழில் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று இருக்க முடியாது, எந்தத் தமிழ் என்றும் பார்க்க வேண்டும். ஆனால் மச்சாள் சொன்ன மற்ற விஷயங்களைக் கேட்டால் பொறாமையாக இருக்கிறது. அங்கே 2017 டிசம்பரில், கர்ப்பப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்துப் பார்க்கிற பழைய பாப் சோதனையை விட்டுவிட்டு, அந்தக் கழுத்தில் புற்றுநோய் வரக் காரணமான எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கு மாறிவிட்டார்கள். 25 வயதிலிருந்து 74 வயதுவரை ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம். 2022 ஜூலையிலிருந்து யாரும் விரும்பினால், பஞ்சு சுற்றின ஒரு குச்சியால் மறைப்புக்குப் பின்னால் தானே யோனிக்குள்ளிருந்து மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். கால் அகட்டிப் படுக்கத் தேவையில்லை. ஆங்கிலம் தெரியாத மாமிக்கு, டொக்டர் மேசையிலிருந்தே தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்துக் கொடுத்தார்களாம். இங்கே தமிழ் ஊரில் தமிழ் டொக்டரிடம் போய்வந்த அக்காவுக்குக் கடல் கடந்து மருமகன் தேவைப்பட்டதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, வெல் விமன் கிளினிக் என்றால் கூடுதலாகத் தெரியும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் எந்த நாள், எந்த இடம் என்று சொல்வார்கள். 35 வயதில் ஒரு தரம், 45 வயதில் ஒரு தரம் பாப் சோதனைக்கு வரச் சொல்கிறார்கள், காசு இல்லை. சில நிமிஷ வேலை, கொஞ்சம் அந்தரமாக இருக்கும், அவ்வளவுதான். கர்ப்பப்பைக் கழுத்தில் ஏற்படுகிற மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15, 20 வருஷம் எடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு அவகாசம் தருகிற வருத்தம் வேறு எது இருக்கிறது சொல்லுங்கள். 2017இலிருந்து ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். அந்தப் படிவம் வீட்டுக்கு வந்தால் தகப்பன்மார் "இதென்ன ஊசி, பிறகு பிள்ளை பிறக்காதாம்" என்று தூக்கிப் போடாமல் கையெழுத்து வையுங்கள். பிள்ளை பிறக்காது என்பது சுத்தப் புளுகு.

அந்த வைரஸைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் எங்கட சனம் வழுக்கி விழுகிறது. உடலுறவால் பரவுகிறது என்று கேட்டவுடனே பெண்ணின் நடத்தையை அளக்கத் தொடங்கிவிடுவார்கள். கலியாணம் கட்டின, ஒரே ஆளோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். வாழ்நாளில் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரு தரமாவது தொற்றி, அநேகமாக ஓரிரண்டு வருஷத்தில் தானாகவே போய்விடுகிற சாதாரண வைரஸ் அது. போகாமல் தங்கிவிடுகிற கொஞ்சப் பேருக்குத்தான் பிரச்சினை. இதில் ஒழுக்கம் எங்கே வந்தது?

இன்னொன்று. பாப் சோதனை சரி என்று வந்தால் எல்லாம் சரி என்று ஆகாது. அது கர்ப்பப்பைக் கழுத்துக்கு மட்டும்தான். அக்காவுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் வந்ததை அதை நம்பிக் கண்டுபிடிக்க ஏலாது, சூலகத்தில் வருவதையும் ஏலாது. சூலகத்துக்கு முன்கூட்டியே பார்க்கிற நம்பகமான சோதனை உலகத்திலேயே இன்னும் இல்லை, உடம்பு சொல்வதைக் கவனிப்பது ஒன்றுதான் வழி. அது சொல்வதோ வாய்வு மாதிரித்தான் இருக்கும். வயிறு ஊதி இறங்காமல் நிற்பது, நாலு வாய் சோறு சாப்பிட்டவுடன் வயிறு முட்டுவது, அடிவயிற்றில் நோ, அடிக்கடி ஒன்றுக்கு வருவது. நாங்கள் ஓமத் தண்ணியும் இஞ்சிப் பிளேன்ரீயும் குடித்தே மாதங்களை ஓட்டிவிடுவோம். புதிதாக வந்து, இரண்டு மூன்று கிழமையாக விடாமல் அப்படி இருந்தால், வாய்வோ வாய்வில்லையோ, போய்க் காட்டுங்கள். பிறப்புறுப்பின் வெளிப்பக்கத்தில் மாறாத கடியோ புண்ணோ தடிப்போ இருந்தால் பூஞ்சை மருந்து வாங்கிப் பூசிப் பூசி நாளைக் கடத்த வேண்டாம்.

இப்போது கிளினிக்குக்கு வராதவர்களைப் பற்றி. கலியாணம் கட்டாத பெண்கள். யுத்தம் தின்ற ஆண்களின் கணக்கோடு பார்த்தால் எங்கள் ஊரில் என் வயதில் அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவது பிள்ளைப்பேற்றோடும் பிள்ளை நிறையோடும் சம்பந்தப்பட்டது, பிள்ளை இல்லாத வீட்டின் படலையை அவர் ஏன் திறக்கப் போகிறார்? அந்தப் பெண் தானாக வெல் விமன் கிளினிக் வாசலில் போய் நின்றால் "இவவுக்கு இங்க என்ன அலுவல்" என்று ஊர் பார்க்கும். ஆனால் பிள்ளை பெறாதவர்களுக்குக் கர்ப்பப்பையிலும் சூலகத்திலும் புற்றுநோய் வருகிற சாத்தியம் கொஞ்சம் கூட. உடம்பு நிறையும் சீனி வருத்தமும் சேர்ந்தால் கர்ப்பப்பைக்கு இன்னும் கூட. யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது?

ஷெல் பட்டுக் கால் இழந்தவர்கள், முள்ளந்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். பரிசோதனைக் கட்டில் என் நெஞ்சளவு உயரம். மரப்படி ஒன்று வைத்து ஏறச் சொல்கிறார்கள். எனக்கே முழங்கால் பிடிக்கிறது, அவர்கள் எப்படி ஏறுவது? எனக்குத் தெரிந்த ஒருவரை இரண்டு ஆண் சிற்றூழியர்கள் தூக்கிப் படுக்கவைத்தார்கள். அவர் அதற்குப் பிறகு எந்தக் கிளினிக்குக்கும் போகவில்லை. இறக்கி உயர்த்துகிற கட்டில் ஒன்றுக்கு எவ்வளவு முடியும் என்று யாராவது விசாரித்தார்களா? காது கேளாத பெண்களுக்குச் சைகையில் சொல்ல யார் இருக்கிறார்கள்? அண்ணனையோ மகனையோ கூட்டிக்கொண்டு போனால் வெள்ளைபடுவதைப் பற்றி எப்படிக் கேட்பது?

சோனகத் தெருப் பக்கம் 1990இல் துரத்தப்பட்டு, கன வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் இன்னும் ஒரு காலைப் புத்தளத்திலும் ஒரு காலை இங்கேயும் வைத்திருக்கின்றன. அவர்களின் பேர் எந்த ஊர்க் கொப்பியில் இருக்கிறது? பெண் டொக்டர் இருக்கிற நாள் எது என்று முதலே சொன்னாலே வரக்கூடியவர்கள் அவர்கள். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்களுக்கும் கர்ப்பப்பை இருந்தால் இது எல்லாம் பொருந்தும், அவர்கள் எந்த வாங்கில் போய் இருப்பது என்று நான் யோசித்ததுண்டு, விடை கிடைக்கவில்லை.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை வருவதற்கு முன்னர் இரவு பஸ் ஏறி, கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிங்களப் பலகைகளுக்குக் கீழே திசை தெரியாமல் நின்ற காலத்தை நாங்கள் மறக்கவில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து காசு சேர்த்தார்கள், தெற்கு ஆட்களும் வடக்கு ஆட்களும் சேர்ந்து நடந்தது அது, அந்தக் காசில் எழும்பினது தெல்லிப்பழை. அதற்கு எப்போதும் நன்றி. ஆனால் கட்டடத்துக்குள் போகும்வரையும் வெளியே வந்த பிறகும் கூட நடப்பதற்கு ஒரு ஆள் இல்லை. கர்ப்பப்பைக் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை என்றால் வழக்கமாகக் கிழமைக்கு ஐந்து நாள், ஐந்து கிழமை. நெடுந்தீவுப் பெண் ஒருவர் தினமும் குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, பிறகு பஸ் பிடித்து, பின்னேரம் திரும்ப ஏலுமா? தங்க இடம் எங்கே, ஆட்டைக் கோழியை யார் பார்ப்பது, இதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு வருவதை யாருமே பேசுவதில்லை. இரண்டு சூலகத்தையும் எடுத்துவிட்டால் முப்பத்தெட்டு வயதிலேயே மாதவிடாய் நின்று உடம்பு கொதிக்கும். கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு யோனி ஒடுங்கி இறுகிவிடக்கூடும், அதற்குச் செய்யக்கூடிய பயிற்சிகள் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள், கேட்பதற்குச் சொல் வேண்டும். கால் வீங்கலாம். புருஷன் தள்ளிப் படுத்தால் தொற்றிவிடும் என்ற பயமா வேறு எதுவுமா என்று அந்தப் பெண் இரவிரவாக யோசித்துக்கொண்டிருப்பார். புற்றுநோய் தொற்றாது ஐயாமாரே.

எனக்குத் தெரிந்து உங்களால் செய்யக்கூடியது இது. மாதத்தில் ஒரு நாள், மரண அறிவித்தலுக்கு எதிர்ப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், அரைப் பக்கம் தாருங்கள். ஆம்பிளைகள் புரட்டாமல் விடுகிற மகளிர் பக்கம் வேண்டாம். எங்கள் மருத்துவ பீடத்தில் படிப்பிக்கிற ஒருவரை எழுதச் சொல்லுங்கள், எழுதினதைக் கிளினிக் வாங்கில் இருக்கிற ஒரு ஆச்சிக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள். எந்தப் பணிமனையில் எந்த நாள் வெல் விமன் கிளினிக், பெண் டொக்டர் இருக்கிறாரா, படி இல்லாமல் உள்ளே போக ஏலுமா என்று சின்ன எழுத்தில் கீழே போடுங்கள். பெரிய எழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது, என் கண்ணாடிக்கும் வயதாகிவிட்டது.

அக்காவுக்கு ஒப்பரேஷன் முடிந்து இப்போது எழும்பி நடமாடுகிறார், காலையில் பூப் பறிக்கிறார். இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் சந்திப்பிழை என்று திருத்தினார். அவரின் பேரைப் போடவா என்று கேட்டேன். "என்ர பேர் வேண்டாம், வருத்தத்தின்ர பேரைப் போடு" என்றார்.

வருகிற வியாழக்கிழமை அவருக்குக் கிளினிக். அதற்கு முன்னர் நீங்கள் இதைப் பிரசுரித்தால் இரண்டு பேப்பர் வாங்கி, ஒன்றை அந்த வாங்கில் வைத்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம்.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி